பவளமக்கா சொல்லாத பன்னிரண்டு

அன்ரி,

இன்று காலை அச்சகத்தில் இரண்டாம் பதிப்பின் முதல் கட்டைப் பிரித்தார்கள். பசையும் மையும் கலந்த புதுப் புத்தக வாசனை மேசையைச் சுற்றிப் பரவியது. இரண்டு வருடமாகக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இந்த வாசனைக்கு நடுவில்தான் என் பகல்கள் போகின்றன. பழகிப்போய் இப்போதெல்லாம் மூக்குக்குத் தெரிவதில்லை. இன்றைக்குத் தெரிந்தது. மேலட்டையில் நீங்கள் ஒரு கையை இடுப்பில் வைத்து, மறு கையில் அறைக் கதவுகளின் திறப்புக் கோர்வையைப் பிடித்தபடி மாடிப்படியில் நிற்கிறீர்கள். ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பின்பக்க யன்னலடிக்குப் போய், முதற் பக்கத்தை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினேன். உங்களுக்கு வாசித்த பழக்கம். அரைப் பக்கம் போன பிறகுதான் எதிரே நீங்கள் இல்லை என்பது உறைத்தது. அதனால்தான் இந்தக் கடிதம். எழுதி முடித்ததும் இதையும் ஒருமுறை சத்தமாக வாசித்துவிடுவேன்.

‘அறை வாடகைக்கு’ தொலைக்காட்சித் தொடரைத் தெரியாத தமிழ் வீடு இந்த நகரத்தில் இருந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அரை மணித்தியாலம். வெள்ளவத்தையில் ஒரு மாடி வீடு, அறைக்கு அறை யாழ்ப்பாணத்துச் சனம், எல்லோர் கையிலும் ஒரு விசா விண்ணப்பம். வீட்டுக்காரி பவளமக்காவாக நடித்தது நீங்கள். அந்த வீட்டில் ஏழு வருடமாகத் தண்ணீர் ஒழுங்காக வந்ததில்லை, ஒருவருக்கும் விசாவும் வந்ததில்லை. அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் பாதிப் பேர் அப்படியான அறைகளில்தான் இருந்தார்கள். நானும் அம்மாவும் இருந்தோம்.

நாங்கள் கொழும்புக்கு வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து விடுகைப் பத்திரம் வர வேண்டும் என்றார்கள். அது வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் என் வயதுப் பிள்ளைகள் மேல் வகுப்புக்குப் போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார வெட்கமாக இருந்தது. நாளைக்குப் போகிறேன், அடுத்த தவணைக்குப் போகிறேன் என்று அப்படியே நின்றுவிட்டது. சோதனைச் சாவடியில் யாராவது பெயரைக் கேட்டால்கூட அம்மாதான் எனக்காகப் பதில் சொல்வார். என் குரல் எங்கள் அறைக் கதவைத் தாண்டியதில்லை.

அப்பா யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார். அங்கே மின்சாரம் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. கடிதம் மட்டும் போய் வந்தது. அதுவும் வழியில் யார் யாரோ பிரித்துப் பார்த்த பிறகு. “கண்டதையும் எழுதாத பிள்ளை, சுகமா இருக்கிறம் எண்டு மட்டும் எழுது, அது காணும்” என்று அம்மா சொல்லுவார். சுகமாக இருக்கிறோம் என்பதை எத்தனை கடிதத்தில் எழுத முடியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இருந்த லொட்ஜின் கீழ் விறாந்தையில் தொடரைப் பார்த்துவிட்டு வந்து, அன்றைய கதையை முழுவதுமாக அப்பாவுக்கு எழுதினேன். யார் பிரித்துப் பார்த்தாலும் அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. கடிதம் போய்ச் சேராவிட்டால் திரும்ப எழுத வேண்டுமே என்று ஒரு கொப்பியிலும் எழுதி வைத்தேன். அப்பாவின் பதில் வந்தது: “பவளமக்கா அடுத்த கிழமை என்ன சொன்னவா? பக்கத்து வளவு ஆக்களும் கேக்கினம்.” அவர் அதை அவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்.

அதற்குப் பிறகு நாலு வருடம், ஞாயிறுக்கு ஞாயிறு, ஒரு கிழமை தவறவில்லை. சில கிழமைகளில் நீங்கள் ஒரு தடவை வந்து கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவீர்கள். சில கிழமைகளில் லொட்ஜ் சனத்தின் சத்தத்தில் ஒன்றும் விளங்காது. யாழ்ப்பாணத்தில் இத்தனை பேர் காத்திருக்கும்போது எப்படி வெறுங்கடிதம் அனுப்புவது? அப்படியான கிழமைகளில் பவளமக்கா என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்து நானே ஒரு வசனம் எழுதிச் சேர்ப்பேன். கொப்பியில் அதற்கு ஓர் அடையாளமும் போடவில்லை. அது புத்தகமாகும் என்று யார் கண்டது?

தொடருக்கு ஒரு துணை நூல் போடலாம் என்று அச்சக முதலாளி அண்ணர் நினைத்தபோது எனக்குப் பதினேழு வயது. எந்தக் கிழமை என்ன நடந்தது, யார் யார் பாத்திரங்கள், நல்ல வசனங்கள், படங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆனால் பழைய நாடாக்களின் மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துவிட்டார்கள். முதல் மூன்று வருடப் பிரதிகள் தொடரின் எழுத்தாளர் ஐயாவிடம் இருந்தன. அதன் பிறகு அவர் படப்பிடிப்புக் கூடத்திலேயே துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்கத் தொடங்கியதால், மற்ற நாலு வருடம் எங்கும் இல்லை. எங்கள் லொட்ஜில் ஒரு பிள்ளை ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறது என்று யாரோ அண்ணருக்குச் சொல்ல, அவர் வந்து கொப்பிகளோடு என்னையும் அச்சகத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு மேசை தந்தார். கொப்பியைப் பார்த்துத் திருத்தமாக எழுதிக் கொடுக்க வேண்டியது என் வேலை.

முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், இதில் கொஞ்சம் என்னுடையது என்று. வாய் வரவில்லை. இரண்டாம் நாள் இன்னும் கஷ்டமாக இருந்தது. ‘பவளமக்கா சொன்னவை’ என்று ஓர் அத்தியாயத்துக்கு அண்ணர் நல்ல வசனங்களைத் தெரிந்தெடுத்துக் கோடு போட்டபோது, நான் எழுதியவற்றில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்துவிடும் போல இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதை மறைத்து என்ன.

எழுத்துக் கோத்த பக்கங்களை உங்களிடம் காட்டிச் சரிபார்த்து வர என்னைத்தான் ஜிந்துப்பிட்டிக்கு அனுப்பினார். கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் உங்கள் வீடு. கதவைத் தட்டியதும் பவளமக்காவின் குரல் கேட்கும் என்று நினைத்து நின்றேன்.

“யாரு? என்னா வேணும் புள்ள?”

அது யாழ்ப்பாணப் பேச்சே இல்லை. நீங்கள் சாவகச்சேரிப் பக்கத்து ஆள்தான் என்று அம்மா அடித்துச் சொல்லியிருந்தார். நீங்களோ யாழ்ப்பாணத்தைக் கண்ணாலும் கண்டதில்லை; ஜிந்துப்பிட்டியில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர்.

“அச்சகத்திலேருந்தா? பேச மாட்டியா? சரி, நான் பேசுற ஆளு, நீ பேசாத ஆளு. சண்டை வராது. உள்ள வா.”

நீங்கள் இரவிக்கை ஒன்றுக்கு ஊக்குத் தைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கங்களை நீட்டினேன். “கண்ணு சரியா தெரியல, நீயே வாசி” என்றீர்கள். சொல்லிக்கொண்டே ஊசிக் காதில் நூலை ஒரே தடவையில் கோத்தீர்கள். நான் ஊசியைப் பார்த்தேன். நான் பார்த்ததை நீங்கள் பார்த்தீர்கள். நான் வாசித்தேன்.

அன்று பாதி வரிகளை வாய்க்குள்ளேயே வாசித்தேன். “சத்தமா வாசி. நான் ஒண்ணும் கடிக்க மாட்டேன்” என்றீர்கள். திரும்பும்போது தெருமுனை வரை என்னோடு வந்தீர்கள். மரக்கறி வண்டிக்காரர் ஒருவர் “அக்கா, மேல அறை இருக்குதோ?” என்று கத்தினார். நீங்கள் ஒரு கணமும் யோசிக்காமல், அந்தப் பவளமக்காக் குரலில், “இருக்கு தம்பி, ஆனா உமக்கில்லை” என்றீர்கள். தெருவே சிரித்தது. என் பக்கம் திரும்பி, “என் சொந்தப் பேரு தெரிஞ்சவன் இந்தத் தெருவுல ரெண்டு பேருதான் இருக்கான்” என்றீர்கள். அதைச் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை.

இரண்டாவது முறை வந்தபோது ‘பவளமக்கா சொன்னவை’ வந்தது. கனடாத் தம்பி என்ற பாத்திரத்திடம் பவளமக்கா சொன்னதாக இருந்த வசனத்தை வாசித்தேன். அடுத்த மாதம் கனடா போகிறேன் என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஆள் அவர்.

“தம்பி, நீர் போறன் போறன் எண்டு சொல்லித்தான் நாலு வருசமா இஞ்ச இருக்கிறீர். இருக்கிறன் எண்டு ஒருக்காச் சொல்லியிருந்தா எப்பவோ போயிருப்பீர்.”

நீங்கள் தொடையில் அடித்துச் சிரித்தீர்கள். கண்ணீர் வரச் சிரித்தீர்கள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டீர்கள்: “இது எந்தக் கதையில வருது?”

“தண்ணித் தாங்கி உடைஞ்ச கதை, அன்ரி.”

“இத நான் சொல்லல புள்ள.”

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இரவிக்கையை மடியில் வைத்துவிட்டு அந்தக் காட்சியைத் தொடக்கத்திலிருந்து சொன்னீர்கள். உங்கள் பேச்சு, கனடாத் தம்பியின் பேச்சு, குழாய் திருத்த வந்தவரின் பேச்சு எல்லாம், ஒரு சொல் தடுமாறாமல். முடிவில், “அவன் அடுத்த மாசம் போறேங்கிறான். நான் ‘ம்’னு மட்டும் சொல்லிட்டுக் கதவச் சாத்துறேன். அவ்வளவுதான். இது எங்கேருந்து வந்திச்சு?”

நான் அழுதுகொண்டே சொன்னேன். கடிதங்களைச் சொன்னேன். இதை மட்டும் ஏன் எழுதினேன் என்பதையும் சொன்னேன். அப்பா ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் ‘அடுத்த மாதம் வந்திடுவன்’ என்று எழுதுவார். நாலு வருடமாக எழுதினார். அவரிடம் நான் கேட்க முடியாததைப் பவளமக்கா கனடாத் தம்பியிடம் கேட்டார். அதைப் படித்துவிட்டு அப்பா எழுதியிருந்தார்: “பவளமக்கா எனக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறா போல.”

நீங்கள் மடியில் இருந்த இரவிக்கையை மடித்து வைத்தீர்கள். பிறகு, “இப்பிடி எத்தன?” என்றீர்கள்.

“பதினொண்டு.”

எல்லாவற்றையும் திரும்ப வாசிக்கச் சொன்னீர்கள். நீங்கள் பிடித்தது பன்னிரண்டு. பன்னிரண்டாவதை நீங்கள் தொலைக்காட்சியில் சொன்னதென்றே நான் நம்பியிருந்தேன்.

“நல்லாத்தான் இருக்கு. என்னைவிடப் பவளமக்காவ நீ நல்லாப் புடிச்சிருக்க. ஆனா என் வாயால வராதது என் பேர்ல வரக் கூடாது. பேருதான் போயிருச்சு, வாயாவது எனக்கு இருக்கட்டும். மொதலாளிகிட்ட நீயே சொல்லிரு.”

எனக்கு அந்த மேசைதான் உலகத்தில் கிடைத்த ஒரே இடம். சொன்னால் அது போய்விடும். கொப்பிகளில் மற்றதெல்லாம் உண்மை என்று யார் நம்புவார்கள்? சொல்லாவிட்டால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது. இரண்டு நாள் அச்சகத்துக்குப் போய் ஊமையாக இருந்தேன். மூன்றாம் நாள் காலை, அண்ணர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது போய்ச் சொல்லிவிட்டேன்.

“என்ன பிள்ளை சொல்லுறீர்? பன்னிரண்டு எண்டு இண்டைக்குச் சொல்லுறீர், நாளைக்கு இருபது எண்டுவீர். மிச்சம் அவையள் சொன்னதுதான் எண்டுறதுக்கு ஆர் சாட்சி? எழுத்தாளர் ஐயா வந்து என்ர கழுத்தைப் பிடிச்சா நான் என்ன சொல்லுறது? கொப்பியளை எடுத்துக்கொண்டு வீட்டை போம். இந்தப் புத்தகம் வேண்டாம்.”

கொப்பிகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தேன். வெள்ளவத்தை பஸ்ஸுக்குப் போகாமல் கால்கள் உங்கள் ஒழுங்கைக்கு வந்துவிட்டன. நான் சொல்லி முடிக்கும் முன்பே நீங்கள் வெளியே போகிற சேலையை எடுத்துவிட்டீர்கள். வழியெல்லாம் எனக்கு முன்னால் வேகமாக நடந்தீர்கள்.

அண்ணர் எழுந்து நின்று வரவேற்றார். எழுத்துக் கோக்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பவளமக்காவைப் பார்த்தார்கள்.

“பன்னெண்டையும் எடுத்துருங்க. மிச்சம் ஒவ்வொரு எழுத்தும் சரி. நான் சொல்றேன்” என்றீர்கள்.

“நீங்கள் சொன்னா மறுபேச்சில்லை அக்கா. இந்தப் பக்கங்களைக் கொண்டுபோய் ஆறுதலா வாசிச்சு, சரி எண்டு ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்கோ, காணும்.”

“நான் கேட்டாச்சு.”

“கேட்டதோ? வாசிக்கேல்லையோ?”

நான் அவசரமாக, “ஓம், அன்ரி வாசிச்சவா” என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரியவர்களின் பேச்சுக்குக் குறுக்கே வாய் திறந்தேன், அதுவும் பொய்க்கு. நீங்கள் கையைத் தூக்கி என்னை நிறுத்தினீர்கள்.

“நீ பேசாத புள்ள. இன்னொரு பொய் வேணாம்.” பிறகு அண்ணரிடம் திரும்பினீர்கள். “எனக்கு வாசிக்கத் தெரியாது. ஏழு வருசமா யாராச்சும் மூணு தரம் வாசிச்சுச் சொல்லுவாங்க, நான் காதால வாங்கி நடிப்பேன். கண்ணு தெரியலம்பேன், கண்ணாடி ஒடஞ்சிருச்சும்பேன். இந்தப் புள்ளைக்கு மொத நாளே தெரியும். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. இப்ப நான் சொல்லிட்டேன். எந்தப் பக்கம் வேணும்னாலும் தொறந்து கேளுங்க.”

அண்ணர் ஒரு பக்கத்தைத் திறந்து முதல் வரியை வாசித்தார். நீங்கள் அங்கிருந்து பிடித்து, குடியிருப்பவர்கள் எல்லோருடைய குரலிலும் பக்கம் முடியும் வரை போனீர்கள். எழுத்துக் கோக்கிறவர்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்னொரு பக்கம். இன்னுமொன்று. மூன்றாவதில் அண்ணரும் சிரித்துவிட்டார். “காணும் அக்கா, காணும்” என்று தாளை மூடினார். அவருடைய பேனையை வாங்கி ஒரு வளைவும் இரண்டு சுழியும் போட்டுக் கொடுத்தீர்கள். “இது மட்டும் வரும். எழுத்தில்ல, படம்” என்றீர்கள்.

வாசலில் வைத்து என்னிடம், “பதினொண்ணையும் எடு. அந்தக் கனடாக்காரன் வசனத்த மட்டும் போடாத, எடுக்கவும் செய்யாத. அப்பிடியே தனியா வச்சிரு” என்றீர்கள். ஏன் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

இரண்டு கிழமை கழித்து, ஞாயிறன்று, லொட்ஜ் விறாந்தையில் சனத்தோடு சனமாக உட்கார்ந்திருந்தேன். கனடாத் தம்பி வழக்கம்போல அடுத்த மாதம் போகிறேன் என்றார். நீங்கள் ‘ம்’ என்று கதவைச் சாத்தப் போனீர்கள். பாதியில் நின்று, திரும்பி, அந்த வசனத்தைச் சொன்னீர்கள். ஒரு சொல்லும் மாற்றாமல். விறாந்தை வெடித்துச் சிரித்தது. பிறகு, அங்கிருந்தவர்களுக்கும் அது தங்களுக்குத்தான் என்று பட்டதோ என்னவோ, திடீரென்று அடங்கியது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்பாவுக்குப் போகும் கடிதங்களை வாசித்துவிட்டுத் தபாலில் போடுவது அவர்தானே.

அந்தக் கிழமைக் கடிதத்தில் அதே வசனத்தை இரண்டாம் முறை எழுதினேன். இம்முறை அது உண்மை.

திங்கட்கிழமை நீங்கள் அச்சகப் படியில் நின்றபடியே சொன்னீர்கள்: “இப்ப போடு. இப்ப நான் சொன்னது.” எழுத்தாளர் ஐயா சம்மதித்தாரா என்று கேட்டேன். “எழுதினது யாருன்னு கேட்டாரு. அச்சகத்துல ஒரு பேசாத புள்ளன்னேன்.”

எனக்காக நீங்கள் கொடுத்ததை நான் அப்போது சரியாக அளக்கவில்லை. ஏழு வருடம் மறைத்ததை, உங்களைப் பார்த்துக் கண் விரித்து நின்ற ஆட்களுக்கு நடுவில் எடுத்து வைத்தீர்கள். நான் எழுதிய பொய்யை நூலிலிருந்து எடுத்தீர்கள்; எழுதிய என்னை எடுக்கவில்லை. அதை யோசிக்க யோசிக்க எனக்கு அழுகை வருவதில்லை, தெம்புதான் வருகிறது.

புத்தகம் வந்து ஆறு மாதத்தில் உங்களுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்க விடும் பின்னேரங்களில் வந்து நாலு பக்கம் வாசிப்பேன். பக்கத்துக் கட்டில்காரரும் தலையணையை உயர்த்திக் கேட்பார்கள். கடைசியாக வந்த அன்று, “எப்பிடி இருக்கிறீங்கள் அன்ரி?” என்று கேட்டேன். நீங்கள் உங்கள் குரலில் பதில் சொல்லவில்லை. பவளமக்காவின் குரலில் சொன்னீர்கள்.

“இருக்கிறன் பிள்ளை. இருக்கிறன்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. என் வசனத்தின் கணக்குப்படி, இருக்கிறன் என்று சொல்லி நீங்கள் விடைபெற்றிருக்கிறீர்கள்.

உங்களுக்குப் பிறகு தொடரை என்ன செய்வது என்று பேசப் படப்பிடிப்புக் கூடத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டபோது, எழுத்தாளர் ஐயா என்னையும் வரச் சொல்லியிருந்தார். பவளமக்கா செத்துப்போனதாகக் காட்டலாம் என்றார் ஒருவர். கனடாத் தம்பியாக நடிப்பவர், “கனடாவுக்கு அனுப்புவம். எனக்கு முதல் அவவுக்கு விசா வந்திட்டுது எண்டு சொன்னா, நான் அழுதே காட்டுவன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

“அவ போகக் கூடாது” என்றேன். சத்தமாகத்தான் வந்தது. “மேல அறையில பெட்டி கட்டிக்கொண்டு இருக்கட்டும்.”

“எவ்வளவு காலத்துக்குப் பிள்ளை?” என்று கேட்டார் எழுத்தாளர் ஐயா.

“ஒவ்வொரு கிழமையும்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த தாளை என் பக்கம் தள்ளினார். “அப்ப அதை நீரே எழுதும்.”

இப்போது எழுதுகிறேன், அன்ரி. கொடுப்பதற்கு முதல் ஒவ்வொன்றையும் வாய்விட்டு மூன்று தரம் வாசிக்கிறேன். சொல்லப் போகிறவரின் வாய்க்கு அது பொருந்தாவிட்டால் கிழித்துவிடுகிறேன். முடிவில் பெயர்கள் ஓடும்போது என் பெயரும் ஓடுகிறது. நான் எழுதியது என் பெயரிலேயே வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒரு புதுக் குடியிருப்பாளர் பையோடு வந்து நின்று, வீட்டுக்கார அக்கா எங்கே என்று கேட்பார். மாடியில் பெட்டி இழுபடும் சத்தம் கேட்கும். கனடாத் தம்பி மேலே பார்த்துச் சொல்லுவார்:

“அக்காவோ? மேல பெட்டி கட்டுறா. அடுத்த மாசம் போறாவாம்.”